நெஞ்சுக்குள் துரு!

தோழர்களே! இரும்போடு பழகியவனுக்குத் துருவைப் பற்றிப் பிறர் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழைக்காலத்திலே பட்டறைக்கு வெளியே போட்ட கம்பி ஒரே இரவில் செம்மண் நிறம் காட்டுவதைப் பார்த்தவர்கள் நீங்கள். கிரீஸ் தடவிய இடம் பளபளக்கும். தடவாத இடம் பல்லிளிக்கும். தண்ணீர்க் குழாய்க்குத் துத்தநாகம் பூசுகிறார்களே, எதற்காக? அழகுக்காகவா? இல்லை. பூச்சிலே கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக்கொண்டு தன்னைக் கரைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் இரும்பு தப்பிக்கிறது. தன்னைக் கொடுத்துத் தோழனைக் காக்கிற உலோகம்!

இதே துருப்பிடிக்கும் வேலை மனிதன் உடலுக்குள்ளும் நடக்கிறது. இதே துத்தநாகத்தைப் போலத் தன்னைக் கொடுத்து உடலைக் காக்கும் பொருள்களும் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்குத்தான் ஆன்டி ஆக்சிடண்ட் என்று பெயர். இந்தப் பெயரை இன்று அறியாதவர் யார்? தேயிலைப் பொட்டலத்தில் இருக்கிறது, முகப்பூச்சில் இருக்கிறது, மருந்துக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண வண்ணப் புட்டிகளாய் அமர்ந்து நம் சட்டைப் பையைப் பார்த்துச் சிரிக்கிறது. “களைப்பா? இருமலா? மூப்பா? புற்றுநோய் பயமா? நாளைக்கு ஒன்று விழுங்கு!” என்கிறது விளம்பரம். விழுங்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, தொழிலாளர்களையும் புகைபிடிப்பவர்களையும் ஆயிரக்கணக்கில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன். விளம்பரக்காரர் சொல்லாமல் விட்ட கதை.

முதலில் துரு எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம்.

நாம் உண்ணும் சோறு உடலுக்குள்ளே எரிகிறது. அடுப்பு விறகு போலக் கொழுந்துவிட்டு அல்ல, மெல்ல மெல்ல. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் குட்டிக் கொதிகலன்கள் இருக்கின்றன. சோற்றிலிருந்து பிரிந்த மின்னணுக்கள் படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் நாம் மூச்சிழுத்த பிராணவாயுவிடம் சேர்கின்றன, பிராணவாயு நீராகிறது, வெளிப்படும் சக்தியில் நம் கை சுத்தியல் தூக்குகிறது. எத்தனை நல்ல கொதிகலனும் ஒன்றிரண்டு பொறி சிந்தத்தான் செய்யும். ஒரு மின்னணு வழிதவறி முன்கூட்டியே பிராணவாயுவின் தோளில் ஏறிவிட்டால், சூப்பர் ஆக்சைடு என்ற முரடன் பிறக்கிறான்.

மின்னணு எப்போதும் ஜோடியாக இருக்க விரும்புவது. ஜோடி இழந்த மின்னணு தாங்கிய பொருளை ஃப்ரீ ராடிகல் என்பார்கள். அது சும்மா இராது. கூட்டம் முடிந்து வெளியே வந்தவன் தன் செருப்பைக் காணவில்லை என்று பக்கத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறான். அந்தச் செருப்புக்காரன் அடுத்தவனுடையதை மாட்டுகிறான். இப்படியே வாசல் முழுதும் கலவரம்! உயிரணுவின் சவ்விலே இருக்கும் கொழுப்பில் இந்தக் கலவரம் தொடங்கினால் சங்கிலியாக ஓடுகிறது. எண்ணெய் சிக்குப் பிடிப்பதும் இதே வேலைதான். மரபுப் பொருளான டி.என்.ஏ.வில் நடந்தால் எழுத்துப் பிழை விழுகிறது. பிழைகள் சேர்ந்தால் புற்றுநோய்க்கு வழி.

உடல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறதா? இல்லவே இல்லை. 1969ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இருவர், சூப்பர் ஆக்சைடை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதி நம் உடலில் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அது முரடனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி அதைப் பிடித்து வெறும் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. குளுடாதையோன் என்ற காவலாளி உயிரணு தோறும் நிற்கிறான். இவர்கள் எல்லோரும் வீட்டு ஆட்கள், கடையில் வாங்கியவர்கள் அல்ல. வெளியிலிருந்து சோற்றோடு வருகிறவர்களும் உண்டு. கடலையிலும் எண்ணெய் வித்துகளிலும் உள்ள வைட்டமின் ஈ, சவ்வுக்குள் நின்று, தன் மின்னணுவைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்துவிட்டு அதுவே அரைகுறையாக நிற்கும்போது, நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி வந்து அதை மீட்டு நிறுத்துகிறது. முறை வைத்து வேலை பார்க்கிற ஒரு ஷிப்டுதான் இது!

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் பாதி உண்மை சொன்னவனாவேன். இந்த முரடர்கள் எல்லா இடத்திலும் பகைவர்கள் அல்லர். கிருமி நுழைந்தால் நம் வெள்ளை அணுக்கள் இவர்களைத்தான் ஏவிவிட்டுக் கிருமியைக் கொல்கின்றன. பிறவியிலேயே அந்த ஆற்றல் இல்லாத குழந்தைகள் ஓயாத தொற்றுநோயால் துடிக்கின்றன. ஆகவே முரடனே கூடாது என்பதல்ல மருத்துவம். தாக்குதல் ஒரு பக்கம், தற்காப்பு ஒரு பக்கம். தராசு தாக்குதல் பக்கம் சாயும்போதுதான் உடலுக்கு ஆபத்து.

தராசைச் சாய்ப்பது எது? பட்டியல் நீளம். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று புகை, மற்றொன்று தூசி.

பீடி, சிகரெட்டின் ஒரே இழுப்பில் ஃப்ரீ ராடிகல்கள் கோடி கோடியாக நெஞ்சுக்குள் போகின்றன. தூசியிலே கொடியது கல்நார்த் தூசி. கூரைத் தகட்டிலும், கொதிகலன் உறையிலும், கப்பலின் குழாய்ப் போர்வையிலும், வண்டியின் பிரேக்கிலும் வைத்தார்களே, அந்த ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்குத் தெரியாத ஊசி இழை ஒன்று நுரையீரலின் அடியிலே போய்த் தைக்கிறது. வெள்ளை அணு ஓடிவந்து விழுங்கப் பார்க்கிறது. முடியவில்லை, இழை தன்னைவிட நீளம். பாதி விழுங்கியும் விழுங்காமலும், கிருமி என்று எண்ணித் தன் ஆயுதங்களை எல்லாம் கொட்டுகிறது. இழை சாகுமா? கல்லாயிற்றே! கொட்டிய நஞ்சு சுற்றியுள்ள சதையைத்தான் எரிக்கிறது. இழையோடு ஒட்டிய இரும்பு அந்த எரிச்சலுக்கு எண்ணெய் வார்க்கிறது. இப்படியே இருபது, முப்பது ஆண்டு. வேலையை விட்டு வந்தாயிற்று, பேரன் பிறந்தாயிற்று, அப்போதும் உள்ளே எரிகிறது.

இதை உலகுக்கு மெய்ப்பித்தவர்களில் தலையாயவர் நியூயார்க் டாக்டர் இர்விங் செலிகாஃப். அவருக்குக் கம்பெனிகள் கணக்கைத் திறந்து காட்டவில்லை. திறந்து காட்டியது தொழிற்சங்கம்! நியூயார்க், நியூஜெர்சி பகுதியில் குழாய்க்கும் கொதிகலனுக்கும் கல்நார் சுற்றும் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்தார். 1942 இறுதியில் பட்டியலில் இருந்த 632 பேர் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினார். நுரையீரலிலோ அதன் உறையிலோ வரும் புற்றுநோயால் ஆறேழு பேர் இறந்திருந்தால் அது ஊரோடு ஒத்த கணக்கு. இறந்தவர்களோ 45 பேர்! 1964ல் இது வெளிவந்தது. சந்தா ரசீதும் உறுப்பினர் புத்தகமும் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் தோழர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1979ல் அவரும் நண்பர்களும் பெரிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். புகையும் கல்நாரும் தொடாதவனுக்கு நுரையீரல் புற்றுநோயால் சாவு வரும் வாய்ப்பு 1 என்றால், கல்நார் மட்டும் தொட்டவனுக்கு ஏறத்தாழ 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவனுக்கு ஏறத்தாழ 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு 50 மடங்குக்கும் மேல். கூட்டல் கணக்கல்ல, பெருக்கல் கணக்கு.

இந்த மனிதர்களுக்கு என்ன செய்வது? உள்ளே போன இழையை வெளியே எடுக்க வழியில்லை. அப்போதுதான் ஆன்டி ஆக்சிடண்ட் மீது விஞ்ஞானிகளின் கண் விழுந்தது.

கண் விழுந்ததற்குக் காரணம் உண்டு. மூப்புக்கே ஃப்ரீ ராடிகல்தான் காரணம் என்ற கருத்தை 1956லேயே டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் எழுதியிருந்தார். எண்ணெய்க் கம்பெனியில் வேதியியல் வேலை பார்த்துவிட்டுப் பிறகு டாக்டருக்குப் படித்தவர். நோபல் பரிசு இருமுறை பெற்ற லைனஸ் பாலிங், 1970ல் வைட்டமின் சி ஜலதோஷத்தை விரட்டும் என்று புத்தகமே எழுதினார். பிறகு புற்றுநோய்க்கும் அதுவே மருந்து என்றார். அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து நின்ற அந்தப் பெரியவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மாயோ மருத்துவமனை டாக்டர்கள் இருமுறை சோதித்தும் பலன் தென்படவில்லை. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார் என்பதுதானே பகுத்தறிவு! 1981ல், புகையையும் நுரையீரல் புற்றையும் முடிச்சுப் போட்டுக் காட்டிய ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ முதலியவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீரை, கேரட் போன்றவற்றை நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருக்கிறதே, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின்தான் காரணமா? சோதிக்க வேண்டும் என்றார்கள். ‘காரணம்’ என்று அடித்துச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார்கள். மாத்திரை விற்றவர்கள் கேள்விக்குறியைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்!

பின்லாந்து நாட்டிலே சோதனை தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை விழுங்கினார்கள். 1994ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைந்ததா? இல்லை, 18 சதவிகிதம் கூடியிருந்தது! மொத்தச் சாவும் 8 சதவிகிதம் அதிகம். காக்க வந்த காவலாளியின் கையில் கத்தி!

உலகம் திகைத்தது. தற்செயலாக இருக்கும் என்றனர் சிலர். ஆனால் அதே நேரத்தில் அமெரிக்காவில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. கேரட் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மொத்தம் 18,314 பேர். அதிலே 4,060 பேர் கல்நார் தொட்ட தொழிலாளர்கள். மற்றவர்கள் நெடுங்காலம் புகைபிடித்த ஆண்களும் பெண்களும். நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் அதோடு வைட்டமின் ஏயும் தந்தார்கள். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே, நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவிகிதம் அதிகம். சாவு 17 சதவிகிதம் அதிகம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கப்பல் கட்டும் துறையிலே குழாய் சுற்றியவன், நெஞ்சில் ஊசி தைத்தவன், “இது உன்னைக் காக்கும்” என்று நம்பி நாள் தவறாமல் விழுங்கினான். ஏமாற்றுவதற்காக அந்த டாக்டர்கள் கொடுக்கவில்லை; அவர்களும் நம்பித்தான் கொடுத்தார்கள். தங்கள் நம்பிக்கை பொய்த்ததை மறைக்காமல், எண்ணிக்கையோடு தாங்களே அச்சிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இழை அவன் நெஞ்சுக்குள் போனதற்கு இந்த நேர்மையில் பாதியைக்கூடக் கம்பெனி முதலாளிகள் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஏன் இப்படி ஆயிற்று? விலங்குகளிடம் செய்த சோதனைகள் ஓரளவு விளக்குகின்றன. புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டின் அளவுக்கு மீறிக் குவிந்தால், அது தானே உடைந்து, உடைந்த துண்டுகளே முரடர்களாகின்றன. கீரிப்பிள்ளை போன்ற ஃபெரட் என்ற பிராணியிடம் 1999ல் இதைக் காட்டினார்கள். இன்னொரு வழியும் உண்டு. சுவீடன் நாட்டார் 2014ல் எலிகளிடம் காட்டியது: முளைவிட்ட புற்றுக் கட்டிக்கும் ஃப்ரீ ராடிகல் தொல்லைதான், நாம் ஆன்டி ஆக்சிடண்ட் கொடுத்தால் நம் அணுவோடு சேர்த்து அந்தக் கட்டியையும் பாதுகாக்கிறோம். எலிகளிடம் கட்டி வேகமாக வளர்ந்தது. காவலாளிக்கு வீட்டுக்காரனும் தெரியாது, திருடனும் தெரியாது!

பின்லாந்துக் கணக்கிலேயே இன்னொரு வேடிக்கை ஒளிந்திருந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுத்த இரத்தத்தில், தங்கள் சாப்பாட்டின் மூலம் பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றிருந்தவர்களுக்குப் பின்னாளில் நுரையீரல் புற்று குறைவாகவே வந்தது. அதே பொருள்! இலையில் வந்தால் ஒரு கணக்கு, புட்டியில் வந்தால் வேறு கணக்கு. கீரைக் கட்டில் நூறு பொருள்கள் சேர்ந்து வருகின்றன. கீரை வாங்கிச் சமைத்து உண்பவனின் வாழ்க்கையும் வேறாக இருக்கிறது. ஒன்றை மட்டும் பிடுங்கிப் பத்துப் பங்காக்கி விழுங்கினால் கீரை ஆகிவிடாது.

வைட்டமின் ஈ கதையும் இப்படித்தான். பின்லாந்தில் அதை உண்டவர்களுக்கு ஆண்களின் புராஸ்டேட் புற்று குறைந்தது போலத் தெரிந்தது. சரி என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துத் தனிச் சோதனை நடத்தினார்கள். 2011ல் வந்த முடிவு: குறையவில்லை, 17 சதவிகிதம் கூடியது. 2012ல் 78 சோதனைகளை, ஏறத்தாழ 3 லட்சம் பேரின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆன்டி ஆக்சிடண்ட் மாத்திரை ஆயுளை நீட்டியதற்குச் சான்று இல்லை; பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சாவைச் சற்றுக் கூட்டுவதாகவே தோன்றியது.

மாத்திரை எங்குமே பயன்படாதா? அப்படிச் சொன்னால் நானும் விளம்பரக்காரனைப் போலப் பேசியவனாவேன். பாராசிட்டமால் அளவு மீறி விழுங்கியவனின் ஈரலில் குளுடாதையோன் தீர்ந்துபோகிறது; அசிட்டில் சிஸ்டீன் என்ற மருந்தை நேரத்தில் கொடுத்தால் அது மீண்டும் ஊறுகிறது, உயிர் பிழைக்கிறது. முதியவர்களின் விழித்திரை நோய் ஒன்றின் நடுக்கட்டத்தில் குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாகக் கலவை பார்வை இழப்பைத் தள்ளிப்போடுகிறது. அந்தக் கலவையிலும் பீட்டா கரோட்டினை நீக்கிவிட்டு, 2013 முதல் வேறு பொருளைச் சேர்க்கச் சொல்கிறார்கள், புகைபிடிப்பவர்களை முன்னிட்டு. குறை இருந்தால் டாக்டர் சோதித்துக் கொடுப்பது ஒன்று. கடையில் பார்த்து நாமே வாங்கி விழுங்குவது வேறொன்று.

இந்த ஆன்டி ஆக்சிடண்ட் என்ற சொல் மருந்துக் கடைக்கு வருவதற்கு முன்பே தொழிற்சாலைக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. ரப்பரும் காற்றுப் பட்டால் வெடித்துப் போகும். அதைத் தடுக்க ஒரு பொருள் கலப்பார்கள். பிரிட்டனில் நோனாக்ஸ் எஸ் என்ற பெயரில் ஐ.சி.ஐ. கம்பெனி விற்ற ஆன்டி ஆக்சிடண்ட், டயர் தொழிற்சாலைகளில் கலக்கப்பட்டது. அதிலே பீட்டா நாப்தைலமைன் என்ற நஞ்சு எஞ்சியிருந்தது. ரப்பர் கெடவில்லை; ரப்பரைக் கலந்தவனுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று! 1949ல் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். நோய் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் வந்தது. தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தயாரித்த ஐ.சி.ஐ.யும், வேலை வாங்கிய டன்லப்பும் இரண்டுமே பொறுப்பு என்று 1972ல் மேல்முறையீட்டு மன்றம் உறுதி செய்தது. டயருக்கு மூப்பு வராமல் காத்தவன் உடம்பை யார் காத்தார்கள்?

நம் நாட்டுக்கு வருகிறேன். கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நாரை அமெரிக்கா 2024ல் தடைசெய்ய உத்தரவிட்டது. அதற்கு வெகு முன்பே ஐரோப்பா விரட்டிவிட்டது. இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கூரைத் தகடு செய்கிறது. தகட்டை உலர்ந்தபடி ரம்பம் போட்டு அறுக்கும்போதும், பழைய கூரையை உடைத்து இறக்கும்போதும் எழுகிற வெள்ளைத் தூசி எது என்று இப்போது தெரிந்திருக்கும். துணியால் மூக்கைக் கட்டினால் அந்த இழை நிற்காது. நனைத்து அறுக்க வேண்டும், உடைக்காமல் இறக்க வேண்டும், தூசியை வடிகட்டும் முகமூடி முதலாளி தர வேண்டும், சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி கையால் துவைக்க விடக்கூடாது. புகையை விட்டால் அந்தப் பெருக்கல் கணக்கில் ஒரு பெரும் பங்கு இறங்குகிறது. இதற்கு எந்தக் கடையிலும் காசு கொடுக்க வேண்டாம். புட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு எத்தனை கட்டு முருங்கைக்கீரை வரும் என்ற கணக்கை வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கிலே, தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கல்நார் ஆலை ஒவ்வொன்றும் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையிலிருந்து நின்றபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மருத்துவக் காப்பீடும் செய்தாக வேண்டும் என்றது. அப்படிப்பட்ட ஆலையில் வேலை பார்க்கும் தோழர்களும், ஓய்வு பெற்று வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் மூத்த தோழர்களும் சங்கத்தின் மூலம் எழுதிக் கேளுங்கள்: என் பதிவேடு எங்கே, என் நெஞ்சுப் படம் எங்கே என்று. பதில் எழுத்தில் வரட்டும். நகல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.